அக்காவின் இலை

ரெங்கசாமியைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரில் யாரும் சொல்லிவிட முடியாது. ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி முதல் மணல் மூட்டையைப் போடுகிற ஆள் அவர்தான். வைக்கோல் போருக்குள்ளிருந்து நல்லபாம்பு தலையை நீட்டினாலும் பதறமாட்டார். ஆனால் ஒரு விருந்தில் இரண்டாம் தடவை அப்பளம் கேட்கச் சொல்லுங்கள், பார்க்கலாம். பரிமாறுகிறவர் முகத்தை ஏறெடுத்தும் பார்க்காமல், இருந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனால் குரல் கொடுக்கக் கூசி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்து வருவார். கொள்முதல் நிலையத்தில் அவர் மூட்டைகளை ஓரம் தள்ளிவிட்டு அடுத்தவன் மூட்டை தராசு ஏறினாலும், வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நிற்பாரே தவிர ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கூச்சம் என்பது அவருக்குக் குணமல்ல, கூடப் பிறந்த வியாதி.

கூடப் பிறந்தது இன்னொன்றும் உண்டு. அது அக்கா கமலாம்பாள்.

சின்ன வயசில் கல்யாண வீடுகளுக்குப் போனால் அக்கா தம்பிக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். தம்பியின் கண் அப்பளக் கூடையின் மேல் போவதைப் பார்த்ததும், "எனக்கு இன்னொரு அப்பளம்" என்று கணீரென்று கேட்பாள். வாங்கி, ஒருவரும் பார்க்காத நேரத்தில் தம்பி இலைக்குத் தள்ளிவிடுவாள். பாயசமும் அப்படித்தான், வடையும் அப்படித்தான். 'தம்பிக்கு' என்று சொல்லிக் கேட்டால் தம்பி கூசுவான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தன் பெயரிலேயே கேட்டாள். கமலா பெருந்தீனிக்காரி என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள். அவளும் சிரித்துக்கொண்டு அந்தப் பெயரை வைத்துக்கொண்டாள். ரெங்கசாமி ஒருநாளும் வாய் திறந்து, அது எனக்கு வாங்கியது என்று சொன்னதில்லை.

வளர்ந்த பிறகும் இதே கதைதான். தையல்நாயகியைக் கட்டிக்கொள்ள ஆசை என்று அவர் அப்பாவிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடம் சொன்னார், அக்கா போய்ப் பேசினாள். பங்காளிகளோடு வரப்புத் தகராறு வந்தபோது, குடவாசல் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா பஸ் ஏறி வந்து நடுத்தெருவில் நின்று கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் போனாள். புருஷன் போன பிறகும், ஒரே மகன் ராஜ்குமாரை வைத்துக்கொண்டு குத்தகை நிலத்தில் தானே நாற்று விட்டு, தானே ஆள் கூட்டி நடவு நட்டு நிமிர்ந்தவள் அவள். உலகத்தில் யாரிடம் ஒன்று கேட்கவும் ரெங்கசாமிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்காவிடம் மட்டும் ஒட்டாது. நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆவணியில் மகள் பூர்ணிமாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா சிங்காரவேலு, தஞ்சாவூரில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறவர். பேச்சில் மரியாதை குறையாத மனுஷர்தான். ஆனால் கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. அவர் பார்க்கும்போதெல்லாம் ரெங்கசாமி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவார். நீடாமங்கலத்தில் ஒரு சின்ன மண்டபம் பிடித்திருந்தார்கள். ஒரு வேனில் வருவதாகச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். அதிலொன்றும் தப்பில்லை, சந்தோஷம்தான். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகள்தான் குறைவு.

தட்டு மாற்றியாயிற்று. முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று ஏற்பாடு. எல்லோரும் உட்கார்ந்து, இலை போட்டு, இனிப்பும் பச்சடியும் வைத்துக்கொண்டு வந்த நேரத்தில் சிங்காரவேலு வாசற்படியில் தயங்கி நின்றார். பக்கத்தில் அவருடைய அண்ணன், முழங்கால் வலிக்காரர், தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். இடமில்லை. சிங்காரவேலு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ரெங்கசாமிக்கு வியர்த்துவிட்டது. வரிசை முழுக்கப் பார்வையை ஓட்டினார். ஒவ்வொரு முகமும் சம்பந்தி வீட்டு முகம். ஓரத்தில், மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில், ஒரே ஒரு முகம் நம்முடைய முகம். அக்கா. விசேஷ வீடுகளில் எப்போதும் கடைசிப் பந்தியில், பரிமாறியவர்களோடு உட்காருகிறவள் அன்றைக்கு என்னவோ முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது அவருக்கு. நம்ம ஆளுதானே.

இந்த 'நம்ம ஆளுதானே' இருக்கிறதே, இதை வைத்துக்கொண்டு நாம் நம்முடைய ஆட்களுக்குச் செய்கிற அநியாயத்தை எதிரிக்குக்கூடச் செய்யமாட்டோம்.

அவர் குனிந்து அக்காவின் காதருகே சொன்னார். "அக்கா, நீ அடுத்த பந்தியில உக்காந்துக்கயேன். மாப்பிள்ளையோட பெரியப்பா நிக்கிறாரு."

கமலாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா திரும்பிப் பார்ப்பதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் சிரித்தாள்.

"அதுக்கென்ன தம்பி" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் சம்பந்தியம்மாவைப் பார்த்து, "எனக்குப் பசியே இல்லைங்க. எங்க பூர்ணிமாவுக்கு வரப்போற சொந்தமெல்லாம் எப்படிச் சாப்பிடுறாங்கன்னு பக்கத்துல இருந்து பாக்கலாம்னுதான் உக்காந்தேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பையன் ஓடிவந்து அவள் இலையைச் சுருட்டி எடுத்துவிட்டுப் புது இலை போட்டான். பெரியப்பா உட்கார்ந்தார். சாதம் வந்தது.

ரெங்கசாமி பார்த்துக்கொண்டிருந்தது அக்காவின் வலது கையை. அதில் பச்சடி ஒட்டியிருந்தது. கை கழுவும் இடத்துக்குப் போக வேண்டுமானால் பந்தி முழுவதையும் தாண்டிப் போக வேண்டும். புடவையில் படாமல் அந்தக் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சாப்பிடுகிறவர்களின் முதுகுகளுக்கும் சுவருக்கும் இடையே ஒருக்களித்து ஒருக்களித்து அவள் நடந்துபோனாள். வழியெல்லாம் யாராவது ஒருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். அந்தக் கை அதற்குப் பிறகு ரெங்கசாமியைத் தூங்கவிடவில்லை.

அடுத்த பந்தியில் அக்கா உட்காரவில்லை. பந்தியெல்லாம் முடிந்த பிறகு தையல்நாயகி வந்து, உங்க அக்கா எங்கே என்று கேட்டாள். தன் மருமகள் குந்தவையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டதாக யாரோ சொன்னார்கள். சாப்பிட்டாளா என்று யாருக்கும் தெரியவில்லை. நடந்ததைக் கேட்டதும் தையல்நாயகி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இலையில் உட்கார்ந்தவரை எழுப்புவதாவது, அதுவும் பெண்ணுக்குச் சொந்த அத்தையை, பெரிய மனுஷனாட்டம் நிற்கிறீர்களே, விடிந்ததும் போய்க் காலில் விழுங்கள் என்றாள்.

விடிந்தது. அவர் போகவில்லை.

போகக்கூடாது என்றில்லை. சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு கிளம்பினார். போய் என்ன சொல்வது? 'அக்கா, உன்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டேன்' என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்க்கும்போதே காது மடல் சூடானது. நாளைக்குப் போகலாம் என்று சட்டையைக் கழற்றினார். நாளைக்கு வேலை வந்தது. போனை எடுத்தார், வைத்தார். ஒரு வாரம் கழித்துப் போனால் ஏன் ஒரு வாரம் வரவில்லை என்பதற்கும் சேர்த்துக் கூச வேண்டும். ஒரு மாசம் கழித்தென்றால் ஒரு மாசத்துக்கும் சேர்த்து. குற்றம் செய்தோமே என்று மனசு குத்துகிறவன் எப்படியாவது போய் மன்னிப்புக் கேட்டுவிடுவான். கூச்சப்படுகிறவன் ஒளிந்துகொள்வான். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது திமிர் மாதிரி இருக்கும்.

மற்ற எல்லோரிடமும் அவருக்காகப் பேச அக்கா இருந்தாள். அக்காவிடம் போய்ப் பேச அவருக்கு யாரும் இல்லை.

கல்யாணப் பத்திரிகை வைக்கக்கூட அவர் போகவில்லை. அக்காவுக்கு முதல் பத்திரிகை வைக்க வேண்டியவர், நாற்றுப் பறிக்கிற வேலை கிடக்கிறது என்று சொல்லித் தையல்நாயகியையும் மகன் ராம்கியையும் அனுப்பினார். கமலாம்பாள் கல்யாணத்துக்கு வந்தாள். அத்தை செய்ய வேண்டிய வரிசையைக் குறையில்லாமல் வைத்தாள். பூர்ணிமாவின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். ரெங்கசாமி அவளை மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தார். அவள் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாள். நடுவில் நாதஸ்வரமும் ஜனமும் இருந்தன, நல்ல சாக்காகப் போயிற்று. பந்தி நடக்கிற பக்கமே அவர் அன்றைக்குப் போகவில்லை. அதனால் அக்கா சாப்பிட்டாளா என்பது அந்தத் தடவையும் அவருக்குத் தெரியாது.

பொங்கலுக்கு முன்னால் அக்கா வீட்டுக்குச் சீர் கொண்டுபோவது அவர் ஒரு வருஷமும் தவறவிடாத காரியம். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்புக் கட்டு, ஒரு புடவை. அதற்குப் பிறகும் தவறவிடவில்லை, ஆனால் ராம்கியின் மோட்டார் சைக்கிளில் போயிற்று. கரும்பின் தோகை ரோட்டில் உரச அவன் கிளம்புவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். திரும்பி வரும்போது அத்தை கொடுத்ததாக ஒரு சீப்பு பூவன்பழம் வரும். அத்தை என்ன கேட்டாங்க என்று விசாரிப்பார். அப்பா வேளைக்குச் சாப்பிடுறாரான்னு கேட்டாங்க என்பான். வேறு ஒன்றும் கேட்கலையா என்பார். இல்லை என்பான். கோபம் அடங்கவில்லை என்று ரெங்கசாமி கணக்குப் போட்டுக்கொள்வார்.

போன மாசியில் ஒருநாள் மட்டும் அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. டிராக்டருக்கு ஒரு சாமான் வாங்கக் குடவாசல் போனவர், திரும்புகிற பஸ்ஸை விட்டுவிட்டு அக்கா ஊர்ப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். கையில் ஆரஞ்சுப் பழம் ஒரு பை. சம்பா அறுவடை முடிந்த நேரம். அக்கா தெருவில் தார்ரோட்டின் ஒரு பாதி நெடுக நெல் காயப்போட்டிருந்தார்கள். அவர் முனையில் திரும்பும்போதே அக்காவைப் பார்த்துவிட்டார். தன் வீட்டு வாசலுக்கு எதிரே, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, காலால் நெல்லைக் கிளறிவிட்டபடி நடந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். ஒரு கால் கொஞ்சம் இழுத்தது.

அவளும் நிமிர்ந்தாள். கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். பார்த்தது அவரைத்தான், சந்தேகமில்லை. ரெங்கசாமி பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தார். அவள் சட்டென்று திரும்பி, ஒரு வார்த்தை இல்லாமல், விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

அவர் அங்கேயே நின்றார். வீட்டு வாசல் காலியாகக் கிடந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது அவருக்கு. உண்மையில் அவர்கள் நெல்லை நோக்கி வந்த ஓர் ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதை ஊரே பார்த்துவிட்டது என்று அவருக்குக் குப்பென்று வியர்த்தது. வந்த பஸ் முனையில் திரும்பிக்கொண்டு ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிவிட்டார்.

உண்மையைச் சொன்னால், பஸ்ஸில் உட்கார்ந்ததும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அக்கா கோபமாக இருக்கிறாள், முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள், நாம் என்ன செய்வது? தையல்நாயகியிடமும் அதையே சொன்னார். அடுத்த பொங்கலுக்குச் சீரை நானே கொண்டுபோகிறேன், வெட்டினாலும் சரி குத்தினாலும் சரி என்றார். ஆரஞ்சுப் பழப் பையை பஸ் ஸீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

பொங்கல் வரவில்லை. மார்கழியில் ஒருநாள் மத்தியானம் ராஜ்குமார் போன் செய்தான். அம்மா குளித்துவிட்டு வந்தவள் நிலைப்படியில் உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்துவிட்டாள், திருவாரூருக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றான்.

செத்துப்போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வர வேண்டும். அதைக் கூடப் பிறந்தவன்தான் கொண்டுவர வேண்டும், ராம்கியிடம் கொடுத்து அனுப்ப முடியாது. ரெங்கசாமி குடவாசல் கடைத்தெருவில் ஜாஃபர் சாதிக் ஜவுளிக்கடையில் ஏறினார். பொங்கல் சீருக்கு வருஷா வருஷம் புடவை எடுக்கிற கடை. அவரைக் கண்டதும் ஜாஃபர் சாதிக் எழுந்து, என்ன இந்த வருஷம் நீங்களே வந்துட்டீங்க, அக்காவுக்குத்தானே என்று சிரித்தார். ரெங்கசாமி ஆமாம் என்று தலையாட்டினார். எதற்கு என்று சொல்ல நாக்கு வரவில்லை. கடைக்காரர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, இது சாயம் போகாது, அஞ்சு வருஷம் தாராளமா உடுத்தலாம் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ரெங்கசாமி அந்த அஞ்சு வருஷப் புடவையை எடுத்துக்கொண்டார்.

பச்சைப் புடவை, அரக்குக் கரை. அதை அக்காவின் மேல் போர்த்தும்போது வலது கை வெளியே கிடந்தது. அதை எடுத்துப் புடவைக்குள் வைத்தார். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள், பிறந்த வீடு வந்துவிட்டது, தம்பி வந்துவிட்டான், கண்ணைத் திறந்து பார் என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ரெங்கசாமிக்கும் அழுகை வந்தது. அத்தனை பேர் பார்க்க அழவும் அவருக்குக் கூச்சம். தூணோரம் போய்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன நெஞ்சழுத்தம் பார் இந்த மனுஷனுக்கு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

கருமாதிக்கு முதல் நாள் சாயந்தரம் படையல். செத்துப்போனவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, இலை போட்டுப் படைத்து, விளக்கேற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். போனவர் வந்து சாப்பிடுவதற்காக. சற்றுப் பொறுத்துக் கதவைத் திறந்து கும்பிட்டுவிட்டு, அப்புறம் வந்தவர்களுக்குப் பந்தி.

ரெங்கசாமிக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளவில்லை. இலை அறுக்கக் குந்தவை அரிவாளோடு கொல்லைக்குப் போவதைப் பார்த்து, நான் அறுக்கிறேன்மா என்று வாங்கிக்கொண்டார். கிணற்றை ஒட்டி வாழை மூன்று நான்கு குலை தள்ளி நின்றது. பூவன்பழச் சீப்பெல்லாம் இங்கிருந்துதான் வந்திருக்கிறது. அவர் ஓர் இலையைப் பிடித்து வளைத்தபோது குந்தவை பின்னாலிருந்து சொன்னாள்.

"இந்த மரத்துலதான் மாமா அன்னைக்கு அத்தை உங்களுக்கு இலை அறுத்தாங்க."

"என்னைக்கும்மா?"

"போன மாசியில. நெல்லு காயப்போட்டிருந்தப்ப நீங்க வந்தீங்களே. 'தம்பி வந்துட்டான், தம்பி வந்துட்டான்'னு உள்ள ஓடியாந்தாங்க. காலு முடியாம இருந்தவங்க எப்படித்தான் ஓடினாங்களோ. என்னைய உலை வைக்கச் சொல்லிட்டு அரிவாளை எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டாங்க. நல்ல நுனி இலையாப் பாத்து அறுத்து, கழுவி எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போனா, நீங்க இல்ல."

ரெங்கசாமி வளைத்த இலையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

குந்தவைக்குச் சொல்லிவிட்டோமே என்று இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆரம்பித்ததை நிறுத்தவும் முடியவில்லை அவளுக்கு. அத்தை இலையும் கையுமாகத் தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்ததையும், ஆடு வந்து நெல்லை மேய்ந்துகொண்டிருந்ததைக்கூடக் கவனிக்காமல் வாசலில் நின்றதையும் சொன்னாள். வடித்த சோற்றை என்ன செய்வது, அந்த இலையில் நீங்களாவது சாப்பிடுங்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். வேண்டாம்டி, அது தம்பிக்கு அறுத்தது என்றாளாம். அந்த இலை அடுப்படி மூலையில் சாத்தி வைத்தபடியே வதங்கிப்போயிற்று.

"எம்மேல அவளுக்குக் கோவம் இல்லையாம்மா?" என்று ரெங்கசாமி கேட்டார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

"கோவமா? அவங்களுக்கு உங்ககிட்ட கூச்சம் மாமா."

அவர் திரும்பிப் பார்த்தார். குந்தவை புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சக்கரைக்கு அப்பத்தான் ஊசி ஆரம்பிச்சிருந்தாங்க. நிச்சயத்தன்னைக்குப் பந்தி நேரம் பாத்து ஊசி போட்டுக்கிட்டாங்க. போட்டா உடனே சாப்பிட்டாகணும், அதான் முதல் பந்தியில உக்காந்தது. நீங்க எழுந்திரிக்கச் சொன்னப்ப, ஊசி போட்டிருக்கேன் தம்பின்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சாம். பக்கத்துல சம்பந்தியம்மா. அத்தைக்காரிக்கு இவ்வளவு சக்கரைன்னா பொண்ணுக்கும் வருமான்னு நினைச்சுட்டா என்ன பண்றதுன்னு எழுந்துட்டாங்க. நான் பின்னால போய்ப் பாத்தா, பாத்திரம் கழுவுற எடத்துல வேர்த்துக் கொட்டி உக்காந்திருக்காங்க. டீ போடுறவருகிட்ட சக்கரையை வாங்கி வாயில போட்டுத்தான் பஸ்ஸேத்தினேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."

ரெங்கசாமி இலையை விட்டுவிட்டார். அது மேலே போய் ஆடியது.

"அதுக்கப்புறம் அதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாங்க. 'நான் போயி முதல் பந்தியில உக்காந்திருக்கக் கூடாதுடி. நாலு பேருக்கு முன்னால அவனை அந்த நெலமைக்குக் கொண்டாந்துட்டேன். அவன் கூச்சப்படுற புள்ள. இனிமே என் மூஞ்சியப் பாத்தா அவனுக்கு அதுதானே ஞாபகம் வரும். அவனா வர்றப்ப வரட்டும்'னு."

மூன்று வருஷம். இங்கே அவர், அக்கா கோபமாக இருக்கிறாள் என்று ஒளிந்தார். அங்கே அவள், தம்பி கூசுவானே என்று ஒதுங்கினாள். அப்பளத்தைத் தன் பெயரில் கேட்டு வாங்கின மாதிரி, அவருடைய தப்பையும் அவள் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டுவிட்டாள். ஒரே ஒரு தடவை போய் நின்றிருந்தால் போதும். அன்றைக்கு அந்த பஸ்ஸில் ஏறாமல் இலை அறுக்கிற நேரம் நின்றிருந்தால் போதும்.

அவர் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது. அறுபது வயசு மனுஷர், கொல்லையில், மகள் வயசுப் பெண்ணின் முன்னால், வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல் சத்தம் போட்டு அழுதார். வீட்டுக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்றுகூட அவர் நினைக்கவில்லை, அவருக்கு அது தெரியவே இல்லை.

பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த மரத்திலேயே நல்ல நுனி இலையாகப் பார்த்து அறுத்தார்.

கூடத்தில் அக்காவின் படத்துக்கு முன்னால் இலையைப் போட்டதும் அவர்தான், தண்ணீர் தெளித்துத் துடைத்ததும் அவர்தான். சாதம், சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம், அப்பளம். பச்சடியை வைக்கும்போது கொஞ்சம் இலைக்கு வெளியே விழுந்தது. விளக்கேற்றினார்கள். எல்லோரும் வெளியே வந்தார்கள். ரெங்கசாமி கடைசியாக வந்து கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கதவிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

வாசலில் பந்தல் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். முன் நாற்காலியில் சம்பந்தி சிங்காரவேலுவும் அவருடைய அண்ணனும், பக்கத்தில் பூர்ணிமாவும் மாப்பிள்ளையும். வழக்கமாகக் கதவு சாத்தியிருக்கிற நேரம் கடந்துவிட்டது. சமையல்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிங்காரவேலு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ராஜ்குமார் தயங்கித் தயங்கி வந்து குனிந்து, மாமாவின் காதருகே மெதுவாகச் சொன்னான். "மாமா, கதவைத் திறந்துடலாங்களா? சம்பந்தி வீட்டுக்காரங்க தஞ்சாவூர் திரும்பணுமாம். பந்தி போட்டுடலாம்."

ரெங்கசாமி நகரவில்லை. அவர் பதில் காதோடு சொன்னதாக இல்லை. பந்தலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"அவங்க இருக்கட்டும்பா. அக்கா இன்னும் சாப்பிட்டு முடிக்கல."

சிங்காரவேலு கடிகாரக் கையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டார். அத்தனை பேரும் தன்னையே பார்ப்பது ரெங்கசாமிக்குத் தெரிந்தது. காது மடல் சூடாகவில்லை. பந்தலோரம் சமையல் நடந்த பக்கம் திரும்பி, இன்னும் கொஞ்சம் உரக்கக் குரல் கொடுத்தார்.

"குந்தவை, அக்கா இலைக்கு இன்னொரு அப்பளம் கொண்டாம்மா."